பழைய .22 செமி ஆட்டோ ரைஃபிள்: காலி கேஸ் சேம்பரிலேயே நின்றுவிடுகிறது

குறிவட்டம் எழுதியது:

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு .22 எல்.ஆர். (சிறு ரகத் தோட்டா) செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை, கைமாறி என்னிடம் வந்தது. முறையான உரிமத்தோடுதான் வாங்கினேன். காகிதக் குறி சுடும் பயிற்சிக்கு மட்டும். முன்பு வைத்திருந்தவர், "அதிகம் சுட்டதே இல்லை, அலமாரியில்தான் இருந்தது" என்றார். கட்டையில் ஒரு கீறல் இல்லை, குழலில் துரு இல்லை. பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கிவிட்டேன்.

ஆனால் பத்து தோட்டா சேர்ந்தாற்போல் சுட்டு முடிப்பதற்குள் நெஞ்சு திக்கென்கிறது. போன ஞாயிறு 100 தோட்டா சுட்டு, நின்றதையெல்லாம் நோட்டில் குறித்தேன். மொத்தம் 13 முறை. அதில் 8 முறை காலி கேஸ் (சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாக் கூடு) சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, விட்டு வரவே இல்லை. போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் இரும்புக் கட்டை) பின்னால் போய், அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் காலி கேஸின் முதுகில் முட்டி நின்றது. 3 முறை புதுத் தோட்டாவின் மூக்கு சேம்பர் வாய்க்குக் கீழே குத்திக்கொண்டது. ஒருமுறை காலி கேஸ் போல்டுக்கும் குழலுக்கும் நடுவே செங்குத்தாக நின்றது. ஒருமுறை ட்ரிக்கரை அழுத்தினால் 'டிக்' மட்டும்தான். முதல் 40 தோட்டாவில் 3 முறைதான் நின்றது, மீதிப் பத்தும் அதற்குப் பிறகு.

எக்ஸ்ட்ராக்டரை (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) மாற்று என்கிறார் ஒருவர், ரிகாயில் ஸ்பிரிங்கை (போல்டை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்) மாற்று என்கிறார் இன்னொருவர். எதில் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்கண்ணாடி எழுதியது:

என்ன தோட்டா போடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. இந்த ரகத் துப்பாக்கியில் போல்ட் எதிலும் பூட்டிக்கொள்வதில்லை. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் அதை மூடிப் பிடிக்கின்றன. வெடிக்கும்போது காலி கேஸே போல்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே தோட்டா மெதுவானதாக இருந்தால் போல்ட் முழுத் தூரம் போகாது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேக) 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு நொடிக்கு 325 மீட்டர் அளவில் போகும். ஹை வெலாசிட்டி என்றால் 380 வரை வரும். இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி சுட்டுப் பாருங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள், தோட்டாவை மட்டும்.

பழையஇரும்பு எழுதியது:

தம்பி, நீங்க எண்ணி எழுதினதுலயே பாதி வேலை முடிஞ்சிருச்சு. நிறையப் பேர் "அடிக்கடி ஜாம் ஆகுது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. உங்க கணக்கைப் பாத்தா இது ஒரு நோய் இல்ல, ரெண்டு மூணு நோய் சேர்ந்து நிக்குது. பாகம் எதையும் இப்போ வாங்காதீங்க.

எக்ஸ்ட்ராக்டர் மேல எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்ல. வெடிச்ச கேஸை இந்த ரகத்துல வெடியோட அழுத்தமே பின்னால தள்ளிடும். எக்ஸ்ட்ராக்டர் அதைப் பிடிச்சு, கேஸை வெளிய தட்டிவிடற எஜெக்டர் வரைக்கும் கொண்டு போகணும், அவ்வளவுதான். கேஸ் உள்ளயே ஒட்டிக்குதுன்னா அதை ஏதோ ஒண்ணு பிடிச்சு வைக்குது. அது என்னன்னுதான் தேடணும்.

சுட்ட காலி கேஸ் ஒரு பத்து எடுத்துட்டு நல்ல வெளிச்சத்துல உக்காருங்க. கேஸோட அடி விளிம்புல ஃபயரிங் பின் (தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கற ஊசி) குத்தின தடம் இருக்கும். அந்தத் தடத்துக்கு நேரா, கேஸோட உடம்புல நீளவாக்கில ஒரு மெல்லிய கோடு ஓடுதான்னு பாருங்க. ஒண்ணு ரெண்டுல இருந்தா விட்டுடலாம். எல்லாத்துலயும் தடத்துக்கு நேர் கீழயே இருந்தா உங்க சேம்பர் வாயில பிசிறு இருக்கு.

அது எப்படி வரும்னு கேட்டா, நீங்க எழுதின அந்த 'அலமாரி'யிலதான் பதில் இருக்கு. அலமாரியில இருக்கற துப்பாக்கியை எடுத்துப் பாக்கறவங்க எல்லாரும் சும்மா ஒரு தடவை ட்ரிக்கரைத் தட்டிப் பாப்பாங்க. .22 தோட்டாவுல பத்தவைக்கற மருந்து விளிம்புக்குள்ள இருக்கறதால ஃபயரிங் பின்னும் விளிம்புலதான் அடிக்குது. சில துப்பாக்கிகள்ல, தோட்டா இல்லாதப்போ அந்த அடி நேரா சேம்பர் ஓரத்துல விழும். நூறு தடவை விழுந்தா ஓரத்து இரும்பு நசுங்கி உள்பக்கம் பிதுங்கும். குண்டே அதிகம் பாக்காத, பளபளன்னு இருக்கற துப்பாக்கியில இதை நான் பல தடவை பாத்திருக்கேன். மனசு வலிக்கும்.

உறுதிப்படுத்தறதுக்கு: மேகஸினை (தோட்டா அடுக்கற பெட்டி) கழட்டுங்க, சேம்பர் காலின்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க, போல்டை வெளியே எடுங்க. காது குடையற பஞ்சுக்குச்சியை சேம்பர் வாயைச் சுத்தி மெதுவா ஒரு வட்டம் இழுங்க. பிசிறு இருந்தா பஞ்சு நூல் அந்த இடத்துல மாட்டி நிக்கும்.

அரத்தை எடுத்துத் தேய்க்கவே கூடாது. உள்ள பிதுங்கின இரும்பைத் திரும்ப வெளிய தள்ளி ஒழுங்குபடுத்த தனிக் கருவி இருக்கு, உரிமம் உள்ள மெக்கானிக்கிட்ட கொடுங்க. தேய்ச்சு எடுத்தா அந்த இடத்துல கேஸுக்குத் தாங்கல் போயிடும், விளிம்பு கிழிஞ்சு வெடிக்காற்று முகத்துக்கு வரும்.

40 தோட்டாவுக்கு மேல மோசமாகுதுன்னா அழுக்கும் கூட சேருது. குண்டு மேல பூசின மெழுகு, ஈயம், கரி எல்லாம் சேம்பருக்குள்ள வளையமா படியும். கரைப்பான் தடவி கால் மணி நேரம் ஊற விட்டு, வெண்கல பிரஷ்ஷை சேம்பருக்குள்ளயே திருகித் தேயுங்க. குழல்ல முன்னும் பின்னும் இழுத்தா மட்டும் அது போகாது. அப்புறம் உலர் துணி. எண்ணெயை சேம்பர்ல விட்டுவைக்காதீங்க.

அந்த 'டிக்' விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். டிக்னு கேட்டா குழலைக் குறிப்பக்கமே வெச்சு 30 நொடி காத்திருங்க, பிறகு திறங்க. வெடி சத்தம் வழக்கத்தைவிட மொத்தையா, 'புஸ்'னு கேட்டா அடுத்தது சுடவே சுடாதீங்க. குண்டு குழலுக்குள்ளயே நின்னிருக்கலாம். எல்லாத்தையும் இறக்கி, குழலுக்குள்ள கம்பி விட்டுப் பாத்த பிறகுதான் மத்தது.

குறிவட்டம் எழுதியது:

ஐயா, நேற்று இரவே மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்துவிட்டேன். 12 கேஸ் எடுத்தேன். பன்னிரண்டிலும் அதே கோடு, குத்துத் தடத்துக்கு நேராக, வாய் வரை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிறது. இத்தனை நாள் குனிந்து பொறுக்கிப் பையில் போட்ட கேஸ்கள்தான், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பஞ்சும் சரியாக ஒரே இடத்தில் நூலை விட்டுவிட்டு வந்தது.

ஹை வெலாசிட்டி தோட்டாவும் 50 சுட்டேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் கேஸ் 3 முறை ஒட்டிக்கொண்டது. மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறேன்.

மஞ்சள்கண்ணாடி எழுதியது:

அப்படியானால் வேகமான தோட்டா நோயை மூடி மறைத்திருக்கிறது. நல்லவேளை, அதோடு நிறுத்தவில்லை.

மூக்கு குத்திய அந்த 3 முறை எந்த மேகஸின்? ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால் அடியில் மார்க்கரால் எண் போட்டு, நின்றதோடு மேகஸின் எண்ணையும் குறியுங்கள்.

குறிவட்டம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மெக்கானிக் பிசிறைச் சரிசெய்து கொடுத்தார். சேம்பர் வாயில் நசுங்கிய தடத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். அரை அரிசி அளவுகூட இல்லை. சேம்பரை நீங்கள் சொன்னபடி திருகித் தேய்த்ததில், முதல் துணி தாரைத் துடைத்த மாதிரி வந்தது.

பிறகு பழைய ஸ்டாண்டர்ட் தோட்டாவிலேயே 200 சுட்டேன். கேஸ் ஒட்டவே இல்லை. மூக்கு குத்தியது 4 முறை, நான்கும் 2ஆம் எண் மேகஸின். பிரித்தால் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே பழைய எண்ணெய் பசையாக இறுகிக்கிடந்தது. கழுவிய பிறகும் கடைசித் தோட்டாக்கள் சோம்பலாகத்தான் ஏறின. ஸ்பிரிங்கை மாற்றினேன், அந்த மேகஸினில் 60 சுட்டும் நிற்கவில்லை. 'டிக்' ஒருமுறை வந்தது. 30 நொடி காத்து எடுத்துப் பார்த்தால் குத்துத் தடம் ஆழமாகவே இருந்தது.

பழையஇரும்பு எழுதியது:

தடம் ஆழமா இருந்தா அது தோட்டாவோட குறை தம்பி, விளிம்புல அந்த இடத்துல மருந்து பரவாம போயிருக்கும். துப்பாக்கியைத் தொடாதீங்க.

இனிமே ட்ரிக்கர் பழகணும்னா சுவர்ல ஸ்க்ரூ இறுக்கப் போடற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்ல, தோட்டா விளிம்பு மாதிரி கழுத்து உள்ளதாப் பாத்து சேம்பர்ல போட்டுப் பழகுங்க. பத்துப் பதினஞ்சு தடவை ட்ரிக்கர் தட்டினதும் அந்த பிளக்கைத் தூக்கிப் போட்டுட்டு வேற போடுங்க.