அக்காவின் மெனிஞ்சியோமா அறிக்கையில் ஒரு வரி: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 46 வயது. சென்ற மாதம் மூளை உறையில் வளர்ந்திருந்த மெனிஞ்சியோமா கட்டியை அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்தார்கள். முதல் தரம் (மெதுவாக வளரும் வகை), புற்றுநோய் அல்ல என்றதும் வீடே நிம்மதி அடைந்தது. ஆனால் திசு ஆய்வு அறிக்கையில், "புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பி இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது; அதாவது, புரோஜெஸ்ட்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம் கட்டியின் செல்களில் இல்லையாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பெண்களையே அதிகம் தாக்கும் இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஏற்பி இருக்குமாம். இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஏற்பிதான் அரிது. புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பி இல்லாதவை திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்று படித்தேன். ஆனால் தரத்தை முடிவு செய்வது ஏற்பி அல்ல. செல்கள் பிரியும் வேகம், மூளைக்குள் ஊடுருவல், சில மரபணு மாற்றங்கள் ஆகியவைதாம். எத்தனை செல்கள் பிரியும் நிலையில் இருக்கின்றன என்று காட்டும் கேஐ-67 அளவு அக்காவுக்கு 4 சதவீதம்.

இதே போன்ற அறிக்கை பெற்றவர்கள் இருக்கிறீர்களா? எம்ஆர்ஐ எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னார்கள்? கதிர்வீச்சு பற்றிப் பேசினார்களா? இன்னொன்று: அக்கா மாதவிடாய்க் கோளாறுக்காகப் பல ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவள். அதை இனித் தொடலாமா? அடுத்த வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியவற்றை, விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து அதற்குள் எழுதுங்கள்.