லூபெக்கில் ஒரே நாள்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

ஒருநாள்பயணி:
ஹாம்பர்க்கிலிருந்து காலையில் போய் இரவு திரும்புவதாகத் திட்டம். லூபெக்கை 'ஹான்சாவின் ராணி' என்கிறார்கள்; ஹான்சா என்றால் இடைக்கால வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியாம். ஆனால் பயணப் பட்டியல்களில் கோட்டை வாசல், தேவாலயம், மார்ஸிபான் (பாதாம் இனிப்பு) என்று வெறும் பெயர்கள்தான். இந்த ஊர் எப்படிக் கொழித்தது, பிறகு ஏன் மங்கியது என்பது பிடிபடவில்லை. நடக்கும்போதே வரலாறு புரிகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்களேன். இன்னொன்று: ஹோல்ஸ்டன்டோர் வாசல் எல்லாப் படங்களிலும் சாய்ந்தே தெரிகிறதே, கேமராக் கோளாறா?

உப்புத்தடம்:
கோளாறு மண்ணில். 1464 முதல் 1478 வரை சதுப்பு நிலத்தின் மேல் எழுப்பிய வாசல் அது. தென்கோபுரம் கட்டும்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு கோபுரங்களும் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்தபடி நிற்கின்றன. 1933-34 பணிகளில்தான் மேற்கொண்டு சாயாமல் நிறுத்தினார்கள். 1863-ல் இடித்துவிடலாமா என்று வாக்கெடுத்தபோது ஒரே ஓட்டில் தப்பியது.

முன்பக்கம் படம் எடுத்ததோடு போய்விடாதீர்கள், சுற்றி வாருங்கள். வெளிப்பக்கச் சுவர் 3.5 மீட்டர் தடிமன், ஊர்ப்பக்கச் சுவர் ஒரு மீட்டர்கூட இல்லை. பகைவன் எந்தத் திசையிலிருந்து வருவான் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் இன்று தரைமட்டத்துக்கும் கீழே கிடக்கின்றன. தெரு அவ்வளவு உயர்ந்துவிட்டது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை வாசலை ஒட்டியே இருக்கிறது: ஆறு உப்புக் கிடங்குகள் (1579-1745). லூனெபுர்க்கில் உப்பு, தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே கரையில் ஹெர்ரிங் மீன். கொழுப்புள்ள மீன், உப்பு இல்லாவிட்டால் சீக்கிரமே நாறிவிடும். நோன்பு நாளில் இறைச்சி தொடாத ஐரோப்பா முழுக்க அந்த மீனுக்குக் கிராக்கி. உப்பும் மீனும் லூபெக் வணிகர் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 1398-ல் லூபெக்கை எல்ப ஆற்றோடு இணைக்கும் ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் திறந்ததும் உப்பு வண்டியிலிருந்து படகுக்கு மாறியது.

மங்கிய கதையும் இதே பாதைதான். ஹெர்ரிங் கூட்டம் அந்தக் கரையை விட்டு விலகியது. டச்சுக் கப்பல்கள் டென்மார்க்கைச் சுற்றி நேரே பால்டிக்குக்குள் வரப் பழகின; சரக்கை இறக்கி ஏற்ற லூபெக் தேவைப்படவில்லை. ரஷ்யாவின் நோவ்கொரோடில் இருந்த ஹான்சா வணிகக் கிடங்கை 1494-ல் மாஸ்கோ மன்னர் மூன்றாம் இவான் மூடினார், 1598-ல் லண்டன் கிடங்கை முதலாம் எலிசபெத் மூடினார். கடைசி ஹான்சா மாநாடு 1669-ல், இதே ஊரில்.

சுட்டசெங்கல்:
மேலே உள்ளதோடு செங்கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடஜெர்மன் சமவெளியில் வெட்டி எடுக்கப் பாறை அநேகமாகக் கிடையாது. பனியாறு உருட்டிவிட்டுப் போன கற்கள் அஸ்திவாரத்துக்குத்தான் உதவும். அதனால் களிமண். அன்றைய செங்கல் சுமார் 28×14×9 செ.மீ., இன்றையதைவிடப் பெரியது. சுட்ட பிறகு சிற்பம் செதுக்க வராது என்பதால் அழகு முழுவதும் வார்ப்புக் கற்களிலும், கறுப்பு மெருகுக் கற்களையும் சிவப்பையும் வரி வரியாக மாற்றி அடுக்குவதிலும் இருக்கிறது.

நகர மன்றத்தின் மதிலில் பெரிய வட்ட ஓட்டைகள் தெரியும். அலங்காரம் மட்டுமல்ல: பின்னால் கூரை இல்லாமல் தனியே உயர்ந்து நிற்கிற சுவர் அது, கடற்காற்று அதன் வழியே புகுந்து போக வேண்டும்.

பக்கத்திலேயே மரியன்கிர்ஹே, அதாவது மரியாள் தேவாலயம். நடுக்கூட வளைவு 38.5 மீட்டர், செங்கல் வளைவுகளில் உலகிலேயே உயரமானது. ஆயரின் பேராலயம் தென்கோடியில் ஒதுங்கி நிற்க, வணிகர்கள் சந்தையை ஒட்டித் தங்கள் கோயிலை அதைவிட உயரமாக எழுப்பினார்கள். ஊரில் யார் கை ஓங்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வடக்குக்காற்று:
மரியன்கிர்ஹே என்றால் இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. 1942 மார்ச் 28-29 இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தென்கோபுரத்து மணிகள் விழுந்து தரையில் நொறுங்கின. அவற்றை விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். வெண்கலம் நெளிந்து, தரைக்கல் பிளந்து கிடப்பதை அருகில் நின்று பார்க்கலாம். அந்தத் தீயில் பூச்சு உதிர்ந்து பழைய சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைப் 'புதுப்பித்த' லோத்தர் மால்ஸ்காட், பாடகர் பகுதியில் தானே வரைந்துவிட்டு இடைக்கால ஓவியம் என்று நம்பவைத்தார். 1951-ல் கோயிலின் 700-ஆம் ஆண்டுக்குத் தபால்தலையே வந்தது. அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார், பிறகு சிறை.

நடைமுறைக்கு வருவோம். ரயில் முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து வாசலுக்குப் பத்து நிமிட நடை. வாசல், கிடங்குகள், பெட்ரி தேவாலயக் கோபுரம் (மின்தூக்கி உண்டு, ஊர் ஆறு சூழ்ந்த தீவு என்பது மேலிருந்துதான் புரியும்), நகர மன்றம், மரியன்கிர்ஹே என்று மதியம்வரை. பிறகு வடக்கே குளோக்கன்கீசர் தெரு. 1639-ல் வணிகர், மாலுமிகளின் விதவைகளுக்காகக் கட்டிய ஃபியூஷ்டிங்ஸ்ஹோஃப் அங்கேதான். இதையும் 'காங்' எனப்படும் உள்சந்துகளையும் விட்டுவிடாதீர்கள். சிலவற்றில் குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஹான்சா அருங்காட்சியகத்துக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். அதைக் கடைசியில் வைத்தால் பாதியில் ஓட வேண்டியிருக்கும். அதற்கு நேரம் ஒதுக்கிவிட்டு மீதியைத் திட்டமிடுங்கள்.

மார்ஸிபான் வாங்கினால் உறையைப் படியுங்கள். வெறும் 'மார்ஸிபான்' என்றால் பாதாம் விழுதில் சரிபாதிவரை சர்க்கரை கலக்கலாம். 'லூபெக்கர் மார்ஸிபான்' என்றால் விழுது குறைந்தது 70 சதவீதம், 'ஏடல்மார்ஸிபான்' என்றால் 90. 1407 பஞ்சத்தில் ரொட்டிக்குப் பதில் செய்தது என்று கடையில் கதை சொல்வார்கள். பஞ்ச காலத்தில் பாதாமும் சர்க்கரையும் எங்கிருந்து வந்ததாம்?

ஒருநாள்பயணி:
மிக்க நன்றி. கார்களின் எண்பலகை 'ஹெச்எல்' என்று தொடங்குவது ஏன்?

உப்புத்தடம்:
ஹான்சஸ்டட் லூபெக், அதாவது 'ஹான்சா நகர் லூபெக்'. 1226-ல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் கொடுத்த சுதந்திர நகர் அந்தஸ்து 711 ஆண்டுகள் நீடித்தது. 1937-ல் நாஜி அரசு பறித்து பிரஷ்யாவோடு சேர்த்தது. போருக்குப் பிறகு திரும்பக் கேட்டார்கள். 1956-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஹாம்பர்க்கும் பிரேமனும் இன்று தனி மாநிலங்கள். ராணிக்கு மிஞ்சியது அந்த எழுத்து.