தனியா லைவ் கிக் (பேண்ட் வாசிக்கிற கச்சேரி) போறவங்க இருக்கீங்களா? பெங்களூர்ல எங்க, எந்த பேண்ட், எங்க நின்னு பாக்கணும்?

பிடிஎம்_பேச்சுலர்:

மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் கரூர் பக்கம். பெங்களூர் வந்து ஒன்றரை வருசம் ஆச்சு. ரூம் பிடிஎம்ல, ஆபீஸ் மாரத்தஹள்ளில, நடுவுல சில்க் போர்டு. இதுக்கு மேல என் கதைய சொல்லணுமா என்ன. அந்த ட்ராஃபிக்ல பஸ்ல உக்காந்து ஹெட்ஃபோன் மாட்டியே ராஜா ரஹ்மான் தவிர ஒண்ணும் தெரியாம இருந்தவன் எஃப்16ஸ்னு ஒரு சென்னை பேண்ட், பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ-னு ஒரு டெல்லி பேண்ட், இப்படி ஒண்ணு பிடிச்சு ஒண்ணு போய் இப்ப பாதி ராத்திரி வரைக்கும் இதான் வேலை. பீட்டர் கேட்டோட பிஸ்மில்லா ஆல்பத்த எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

போன மாசம் கோரமங்களால ஒரு பேஸ்மென்ட் பப்ல ஒரு சின்ன பேண்ட் வாசிக்கிறாங்கன்னு பாத்து 600 ரூவா குடுத்து டிக்கெட் போட்டேன். ரூம்மேட்ட கூப்ட்டா "யூட்யூப்ல ஓசில வர்றதுக்கு 600 ரூவாயா, போடா டேய்"னுட்டான். சரின்னு தனியாவே போனேன். டிக்கெட்ல 8 மணின்னு போட்டிருந்துச்சு, நான் 7:50க்கு போய் நிக்கிறேன், உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. பேண்ட் பசங்க தரையில உக்காந்து வயர் சொருகிட்டு இருக்காங்க, வெயிட்டர் வேற நாலு தடவ வந்து "டேபிள் ஃபார் ஹவ் மெனி சார்"ங்கறான். ஒருத்தன்னு சொல்றதுக்கே கூச்சமா போச்சு. ஒரு ஃப்ரெஷ் லைம் சோடாவ வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டினேன்.

9:45க்கு ஆரம்பிச்சாங்க. பின்னாடி ஒரு டேபிள் ஃபுல்லா ஆபீஸ் க்ரூப்பு, மொத ரெண்டு பாட்டும் அப்ரைசல் பத்தியே கத்தி பேசிட்டு இருந்தாங்க, எந்த மேனேஜர் யாருக்கு என்ன ரேட்டிங் போட்டாருன்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கடுப்புல எழுந்து ஸ்டேஜ் பக்கம் போயிட்டேன், ஸ்டேஜ்னா ஒரு ஜாண் உசரம்தான். மூணாவது பாட்டு நடுவுல கிட்டாரிஸ்ட்டுக்கு கம்பி அறுந்துடுச்சு. பாட்ட நிப்பாட்டுவாங்கன்னு நெனச்சேன். நிப்பாட்டல. டிரம்மரும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு அதே ரெண்டு வரிய திருப்பித் திருப்பி வாசிச்சுட்டே இருக்காங்க, இவரு அங்கயே மண்டி போட்டு உக்காந்து பையில இருந்து புதுக் கம்பி எடுத்து மாட்டுறாரு. லைட்டு செவப்பு, கம்பி சொருகற ஓட்டை தெரியல போல. என்னய நிமிந்து பாத்து "ப்ரோ டார்ச்"ன்னாரு. நான் ஃபோன் டார்ச் அடிச்சுட்டு குனிஞ்சு நிக்கிறேன், அவரு கம்பிய சொருகி முறுக்க முறுக்க அந்த சவுண்டு ஙொய்ய்ங்னு ஏறுது, பின்னாடி அதே பீட் ஓடிட்டே இருக்கு. ஒரு மூணு நிமிஷம் இருக்கும். மாட்டி முடிச்சு காத வச்சு ஒரு தடவ பாத்துட்டு அப்படியே பாட்டுக்குள்ள பூந்தாரு பாருங்க. அப்ரைசல் டேபிள்ல கூட பேச்சு நின்னுடுச்சு.

அன்னிலேந்து பைத்தியம் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு நாள் காதுல கொய்ங்னு சத்தம் நிக்கல, பயந்துட்டேன்.

கேள்வி இதான்: தனியா போறது ஓகேவா, யாரும் ஒரு மாதிரி பாப்பாங்களா? எங்க நிக்கணும்? காதுக்கு என்ன பண்றீங்க? லைவ்ல கண்டிப்பா பாக்க வேண்டிய பேண்ட் எது?

----

அல்சூர்_பழசு:

தம்பி, நான் அல்சூர்லயே பொறந்து வளந்தவன், மூணு தலைமுறை. உன் போஸ்ட் படிச்சதும் எனக்கு வயசு இருபது கொறஞ்சுடுச்சு.

எங்க காலத்துல பப்புக்கெல்லாம் காசு ஏது. சுதந்திர தினத்த ஒட்டி ஃப்ரீடம் ஜாம்னு ஒண்ணு நடக்கும், டிக்கெட்டே கிடையாது, பகல் பூரா வரிசையா பேண்டுங்க ஏறி எறங்கிட்டே இருப்பாங்க, காலேஜ் பசங்க மொத தடவ மேடை ஏறி கையெல்லாம் நடுங்க வாசிப்பாங்க, அதையும் நின்னு கேப்போம். பெரிய ஷோன்னா பேலஸ் க்ரவுண்ட்ஸ். 2007 மார்ச் 17 அயர்ன் மெய்டன்னு இங்கிலாந்து மெட்டல் பேண்ட் வந்தாங்க, சென்னை கொச்சி ஹைதராபாத்னு எங்கெங்கிருந்தோ ட்ரெயின் ஏறி வந்தான் அவனவன். 2011 அக்டோபர் 30 அமெரிக்காலேந்து மெட்டாலிகா. ரெண்டும் பாத்துட்டேன், அந்த செம்மண்ணு ஒட்டின ஷூ ரொம்ப நாள் வீட்ல கெடந்துச்சு, எங்கம்மாதான் ஒரு ஆயுத பூஜைக்கு தூக்கிப் போட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். அப்பல்லாம் உள்ளூர் பேண்ட் மேடை ஏறி சொந்தப் பாட்டு வாசிச்சா நாங்களே கத்துவோம், "மெய்டன் வாசி, டீப் பர்ப்பிள் வாசி"ன்னு வெளிநாட்டு பேண்ட் பாட்டா கேட்டு. இப்ப நெனச்சா கேவலமா இருக்கு. அதையெல்லாம் தாங்கிட்டு சொந்த சரக்க மட்டும் வச்சு நின்ன பேண்டுன்னா தெர்மல் அண்ட் எ க்வார்ட்டர். 1996ல ஆரம்பிச்சது. பேரு ஏன் அப்படின்னா ஆரம்பத்துல இருந்த ஆளுங்கள்ள மூணு பேரு மலையாளி, ஒருத்தரு கால்வாசி மலையாளி, த்ரீ மல் அண்ட் எ க்வார்ட்டர், அத வேகமா சொன்னா தெர்மல் ஆயிடுது. ப்ரூஸ் லீ மணின்னு பாட்றவரு, கிட்டாரும் அவருதான், பேரே அதுதான் தம்பி சிரிக்காத. அவங்க பாட்டுல இந்த ஊரு ட்ராஃபிக்கு, இந்த ஊரு சோம்பல் எல்லாம் இருக்கும். எங்க வாசிச்சாலும் போய் பாரு.

இந்திராநகர்ல ஹம்மிங் ட்ரீன்னு பேண்டுங்க வாசிக்கற எடம் ஒண்ணு இருந்துச்சு, 2013லேந்து 2019 வரைக்கும், அதையும் மூடிட்டாங்க. அந்த பக்கம் போனா இப்பவும் திரும்பிப் பாப்பேன். சரி உடு.

தனியா போறது எல்லாம் ஒரு மேட்டரா, மெய்டனுக்கே நான் தனியாத்தான் போனேன், கூட வரேன்னவனுக்கு பொண்ணு பாக்க வந்துட்டாங்க.

----

காதுல_பஞ்சு:

ஹாய், நான் நாலு வருசமா பெரும்பாலும் தனியாதான் போறேன், அதுவும் பொண்ணா. யாரும் ஒரு மாதிரி எல்லாம் பாக்க மாட்டாங்க, அவங்கவங்க ஃபோன பாக்கவே நேரம் பத்தல. வெயிட்டர் கேட்டா "பேண்ட் பாக்க வந்தேன், பார் பக்கம் நிக்கறேன்"னு சொல்லிடுங்க, மினிமம் பில்லு உண்டான்னு டிக்கெட் போடறப்பவே படிச்சுடுங்க. ஒரு எடத்துல 500 ரூவா டிக்கெட்டுக்கு மேல 1500க்கு சாப்ட்டே ஆகணும்னு வாசல்ல வச்சு சொன்னாங்க, நான் ஒருத்தி எப்படி 1500க்கு திங்கறது, மொமோ பார்சல் கட்டிட்டு வந்தேன் வீட்டுக்கு.

காது பத்தி கேட்டீங்கல்ல, என் பேர பாருங்க. நானும் உங்கள மாதிரிதான், ஒரு ஷோல ஸ்பீக்கர் முன்னாடியே நின்னுட்டு மூணு நாள் கொய்ங். காது டாக்டர் கிட்ட போனேன், அவரு சொன்ன கணக்கு இது: 85 டெசிபல்னா 8 மணி நேரம் காது தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு 3 ஏறும்போதும் நேரம் பாதி பாதியா கொறையும். 100 வந்தா 15 நிமிஷந்தான். ராக் ஷோ 100ஐ சாதாரணமா தொடும். உலக சுகாதார நிறுவனமே 2022ல இந்த மாதிரி எடங்களுக்கு சராசரி 100 தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, இங்க யாரு அளக்கறா.

மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்பாஞ்ச் ப்ளக் போதும் ஆரம்பத்துக்கு. ஆனா சும்மா சொருகினா வேலைக்காவாது. வெரல்ல நல்லா மெல்லிசா உருட்டணும், எதிர்ப்பக்கத்து கைய தலைக்குப் பின்னாடி கொண்டு போய் காத மேல இழுத்து, உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுக்கணும். எங்க பாட்டி காது குத்தறப்ப இழுப்பாங்களே அந்த மாதிரி இழுக்கணும். ஸ்பாஞ்ச்ல டிரம்ஸோட சிம்பல் தட்டு சத்தமெல்லாம் மங்கிடும், போர்வைக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கும், கிக் போறது பிடிச்சுப் போச்சுன்னா மியூசிஷியன்ஸ் போடற சிலிகான் ப்ளக் வாங்குங்க, அது எல்லா சத்தத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல கொறைக்கும்.

இந்திராநகர்னா மெட்ரோ இருக்கு, கடைசி ட்ரெயின் 11 மணி வாக்குல, ஆப்ல பாத்துக்கோங்க. கோரமங்களான்னா ஆட்டோக்காரர் கருணைதான். நான் ஷோ முடிய ஒரு பாட்டு முன்னாடியே புக் பண்ணிடுவேன், அதனால பல பேண்டோட கடைசிப் பாட்டு என்னன்னே எனக்குத் தெரியாது.

----

மிக்ஸர்_சாப்பிடுபவன்:

மிக்ஸர்னா திங்கறது இல்ல, சவுண்டு மிக்ஸர், குரல் கிட்டார் எல்லாத்தோட சத்தத்தையும் அளவா கலக்கற மெஷின். ரெண்டு வருசம் பார்ட் டைமா இந்த வேலை பாத்தேன், இப்ப ஒழுங்கா ஐடில இருக்கேன்.

ப்ரோ, 8 மணி டிக்கெட்டுக்கு 8 மணிக்கு போனது உங்க தப்பு இல்ல, ஆனா இனிமே பப்புன்னா 9க்கு போங்க. 8ன்னு போட்டாத்தான் ஜனம் வந்து ஆர்டர் பண்ணும், கணக்கு அவ்ளோதான். ஆனா மைதானத்துல நடக்கற ஷோக்கு இத நம்பிப் போயிடாதீங்க. திறந்த வெளில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதி இருக்கு. அதனால பெரிய பேண்டே 8:30க்கு ஏறிடுவாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் கெத்தா 9:15க்கு வந்தான், ரெண்டு பாட்டு கேட்டான்.

எங்க நிக்கறது? சவுண்டுக்காரன் உக்காந்திருக்கற எடத்துக்குப் பக்கத்துல. அவன் காதுக்கு எது நல்லாருக்கோ அதுதான் மிக்ஸ், சிம்பிள். முன்வரிசைல நின்னா டிரம்ஸ் நேரா மூஞ்சில அடிக்கும், கிட்டார் ஆம்ப், அதான் கிட்டாரோட ஸ்பீக்கர் பெட்டி, உங்க முழங்காலுக்கு வாசிக்கும், பாடறவர் குரல் மட்டும் ரெண்டு பக்கமும் தொங்கற ஸ்பீக்கர் வழியா உங்க தலைக்கு மேல போயிடும். "வாய்ஸே கேக்கல"ன்னு சவுண்டுக்காரன திட்டறவன் எல்லாம் மொத வரிசைல நின்னவன்தான். இன்னொண்ணு, சாயங்காலம் காலி ரூம்ல செக் பண்ணி வச்ச சவுண்டு ஜனம் வந்ததும் மாறிடும், ஒடம்பு துணி எல்லாம் மேல் சத்தத்த உறிஞ்சிடும், அதான் மொத ரெண்டு பாட்டு எப்பவுமே கொழகொழன்னு இருக்கும். அதுக்குள்ள ரிவ்யூ போட்றாதீங்க.

ஆனா நீங்க சொன்ன அந்தக் கம்பி மேட்டர் சவுண்டு டெஸ்க்ல நின்னா பாக்க முடியாதுல்ல, அதனால நான் சொன்னத பாதி கேட்டா போதும்.

----

பேச்சிலே_வல்லவன்:

எல்லாம் சரி, இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல கத்தறதுக்கு 600 ரூவா குடுக்கறதுக்கு பதிலா ராஜா சார் கச்சேரிக்கு போலாமே. தமிழ்ல ஒரு பேண்டு உண்டா ஒங்க லிஸ்ட்ல?

----

அல்சூர்_பழசு:

பாஸ், ராஜா கச்சேரி டிக்கெட் வெல பாத்துட்டு வந்து பேசுங்க. 600க்கு பார்க்கிங் கூட கிடைக்காது.

----

கோலார்_எக்ஸ்பிரஸ்:

கேள்வி நக்கலா இருந்தாலும் நியாயமான கேள்விதான்.

தமிழ்ல இருக்கு, இங்க அடிக்கடி வர்றதில்ல, அவ்ளோதான். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு சென்னை பேண்டு, மொத ஷோ 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம், நான் கோலார் தங்க வயல்லேந்து ரெண்டு பசங்களோட போனேன். அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர்ங்கறதுலேந்து எடுத்த பேரு. பறையும் சட்டி மேளமும் ட்ரம் கிட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடைல, கானா பாடறவங்க நடுவுல ராப், சாவு வீட்டுக்கு அடிக்கிற அடிய சூட்டு கோட்டு போட்டு நின்னு அடிக்கறாங்க, எங்கூர்ல அந்த அடிய கேட்டா கதவ சாத்தறவங்களும் உண்டு. என் பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தரு கைய கட்டிட்டு அசையாம நின்னாரு, கால் கட்ட வெரல் மட்டும் செருப்புக்குள்ள தாளம் போட்டுட்டே இருந்துச்சு. அது ராக்கா இல்லயான்னு எனக்குத் தெரியாது, கவலையும் இல்ல.

பெங்களூர்ல இருந்துக்கிட்டு மொழி புரியலன்னு ஒதுங்கினா நஷ்டம் உங்களுக்குத்தான். ஸ்வராத்மான்னு இந்த ஊரு பேண்ட பாருங்க, வாசு தீட்சித் பாடுவாரு, கன்னடம் இந்தி எல்லாம் கலந்து வரும், நடுவுல பொம்மைக் குதிரைய இடுப்புல கட்டிட்டு ஆட்டம், நம்மூர் பொய்க்கால் குதிரை பாத்தவனுக்கு அது வெளியூர் சமாச்சாரமாவே தெரியாது. பர்வாஸ்னு ஒரு பேண்டு, அதுவும் இந்த ஊருதான், பாட்டு உருதுலயும் காஷ்மீரிலயும். ஒரு வார்த்தை புரியாது, கண்ண மூடிட்டு நிப்பேன். மெதுவா ஏறும், அவசரப்படாது, நடுவுல வாட்ஸப் பாத்தீங்கன்னா விட்டுடுவீங்க. அகம்னு ஒரு பேண்டு, அத கேட்டா மட்டும் வீட்ல எங்கம்மா சண்ட போடாது, தியாகராஜர் கீர்த்தனைக்கு கரகரன்னு டிஸ்டார்ஷன் கிட்டார், பாடற ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் ஐடில டிசைன் வேலை பாத்துட்டே பாடினவரு. எனக்கு கொஞ்சம் சக்கரை ஜாஸ்திதான், ஆனா கூட்டத்தோட சேந்து ஸ்வரம் பாடறப்ப அந்த கொறையெல்லாம் தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம் யாருமே சொல்லல. சின்ன பேண்டுன்னா வெளிய ஒரு டேபிள் போட்டு டி-ஷர்ட் வப்பாங்க. பப்புல குடுக்கற காச நாலஞ்சு பேரு பிரிச்சா வந்த வண்டிக்கும் பெட்ரோலுக்கும் சரியா போகும். முடிஞ்சா வாங்குங்க.

----

பிடிஎம்_பேச்சுலர்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் டைம், உயிர எடுத்துட்டாங்க.

போன சனிக்கிழமை அதே பேண்டு இந்திராநகர்ல வாசிச்சாங்க, திரும்ப தனியா போனேன். 9க்கு போனேன், 9:20க்கு ஆரம்பிச்சுட்டாங்க, இதுல எந்த கணக்கும் இல்ல போல. ஸ்பாஞ்ச் ப்ளக்க அக்கா சொன்ன மாதிரி காத இழுத்து சொருகினேன், ஒரு பக்கம் சரியா உக்காந்துச்சு, இன்னொரு பக்கம் ரெண்டாவது பாட்டுல தெறிச்சு யாரோ ஒருத்தர் க்ளாஸுக்குள்ள விழுந்துடுச்சு. அவரு அத வெளிய எடுத்து வச்சுட்டு குடிச்சாரு, நான் எதுவும் தெரியாத மாதிரி நகந்துட்டேன். மூணு பாட்டு சவுண்டு டெஸ்க் பக்கத்துல நின்னேன், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுச்சு, உண்மையிலயே வித்தியாசம் இருக்கு. நாலாவது பாட்டுக்கு கால் தானா முன்னாடி போயிடுச்சு.

முடிஞ்சதும் டி-ஷர்ட் டேபிள்ல அந்த கிட்டாரிஸ்ட்டே நின்னாரு. "ப்ரோ அன்னிக்கி டார்ச் அடிச்சது நான்தான்"னேன். நல்லா யோசிச்சுப் பாத்துட்டு, "எந்த ஷோ ப்ரோ? எனக்கு வாரா வாரம் அறுது"ன்னாரு.

டி-ஷர்ட்ல டபுள் எக்ஸ்எல் மட்டும்தான் மிச்சம். 700 ரூவா. ரூம்மேட்தான் இப்ப அத போட்டுட்டு குப்புறப் படுத்து தூங்கறான்.