மான் தின்ற பயற்றம் உருண்டை

உவர்மலைக்காரி:
வயோதிபர்கள் கொள்ளையடிக்கும் படங்களைப் பார்த்த அனுபவத்தைக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் படத்தைவிடப் படத்துக்குப் பிறகு நடந்ததுதான் பெரிது.

2022 கடைசியில், 'கோயிங் இன் ஸ்டைல்' படத்தின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பை அப்பாவுக்கும் அவருடைய இரண்டு கூட்டாளிகளுக்கும் போட்டுக் காட்டினேன். மூவரும் ஓய்வூதியக்காரர்கள். நடைப்பயிற்சி என்று திருகோணமலை முற்றவெளிக்குப் போய்க் கடலை கொறித்துவிட்டு வருபவர்கள். படத்தில் மோர்கன் ப்ரீமன், மைக்கேல் கெய்ன், ஆலன் ஆர்கின் மூவரின் ஓய்வூதியத்தையும் உருக்காலை நிறுத்திவிடுகிறது. வங்கியைக் கொள்ளையடிக்கக் கிளம்புகிறார்கள். அந்த இடத்தில் எங்கள் விறாந்தையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வருட விலைவாசியில் ஓய்வூதியம் எத்தனையாம் திகதி வரை தாங்கியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒத்திகையாகப் பலசரக்குக் கடையில் சாமான்களை உடுப்புக்குள் திணித்துக்கொண்டு, மின்சார வண்டியின் முன்கூடையில் ஒருவரை ஏற்றித் தப்பும் காட்சியில்தான் அப்பாவுக்குப் புரையேறியது.

"எங்களுக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். வரிசையில் நின்று கியூஆர் காட்டிவிட்டா ஓடுவது?" என்றார் ஒரு மாமா. அப்போது பெற்றோல் பங்கீடு கியூஆர் குறியீட்டில்தான்.

மூன்றாம் நாள் அம்மாவின் பால்மா டின்னில் பயற்றம் உருண்டை ஒன்பது குறைந்தது. கனடாவிலிருக்கும் தம்பிக்கு அனுப்ப எண்ணி வைத்தவை. அப்பாவுக்குச் சீனி வருத்தம். ஒரு மாமா வாசலில் அம்மாவைத் திருவிழாக் கதையில் மறித்துவைக்க, மற்றவர் குசினி யன்னலடியில் காவல் நின்றிருக்கிறார். ஆள் வந்தால் இரும வேண்டும். அப்பா மூடியைத் துவாயால் பொத்தித் திறந்து, உருண்டைகளைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு பின்கதவால் வெளியேறினார். நிலமெங்கும் மா உதிர்ந்த கோடு. அதை அவர் கவனிக்கவில்லை. என் ஆறு வயது மகள் கவனித்தாள்.

படத்திலும் ஒரு சிறுமி உண்டு. முகமூடிக்காரரின் கைக்கடிகாரத்தில் இருக்கும் பேத்தியின் படத்தைக் கண்டுவிடுவாள். பொலிஸ் ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் கேட்டபோது காட்டிக்கொடுக்க மாட்டாள். என் மகள் படம் ஓடியபோது நித்திரை.

"உருண்டை எங்கே பிள்ளை?" என்று அம்மம்மா கேட்க, "மான் வந்தது" என்றாள்.

திருகோணமலையில் இதை எடுத்தவுடன் பொய் என்று தள்ளிவிட முடியாது. கோட்டைப் பக்கத்து மான்கள் ஊர் மாடுகளைப்போல வீதியில் திரிகின்றன. அம்மா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடியை இறுக்கி மூடிவிட்டா போனது?"

உப்புவெளிக்காரர்:
1979இல் வந்த முதல் படத்தை அப்பாவுக்குக் காட்டிவிடாதீர்கள், தங்கச்சி. ஜோர்ஜ் பேர்ன்ஸ் நடித்தது. கொள்ளைக்குப் பிறகு இரண்டு பேர் இறந்துபோக, மிஞ்சியவர் சிறைக்குப் போவார். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல படம். புதியது சர்க்கரை தடவியது. அண்ணருடன் பார்த்தேன். முடிந்ததும் மனிதர் ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் காலை தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டார். அண்ணி கேட்டதற்கு, "இனி என்ன" என்றார்.

அது கிடக்கட்டும். ஒன்பது உருண்டை, மூன்று பேர். ஆளுக்கு மூன்றா?

உவர்மலைக்காரி:
ஆளுக்கு இரண்டு. மிச்சம் மூன்றும் மகளின் தலையணைக்கு அடியில் எறும்பு மொய்த்தபடி கிடந்தன.