மறு: சீட் மாட்யூல் "தொடர்பு இழப்பு", வேற சொல் வேணும்

> லாஸ்ட் கம்யூனிகேஷன்னா தொடர்பு இழப்பு, அவ்ளோதான். இதுக்குப் போய் மூணு நாளா மடல் ஓடணுமா?

ஐயா, ஓடணும்னுதான் தோணுது, கோவிச்சுக்காதீங்க. கார் ஸ்கேனர் காட்டற கோளாறுக் கோடுகளுக்கு (code) நாம போடற தமிழ்ச் சொல் பட்டியல்ல "லாஸ்ட் கம்யூனிகேஷன்"கறதுக்கு என்ன சொல்லுங்கறதுதானே பேச்சு. நான் மொழி படிச்ச ஆளு இல்ல, கோவைல கார் எலக்ட்ரிக்கல் வேலை பாக்கறவன். "தொடர்பு இழப்பு"ன்னு சொன்ன உடனே பட்டறைப் பையன் ஒண்ணு வயர் அறுந்துபோச்சுன்னு முடிவு பண்றான், இல்லன்னா மாட்யூல் (சீட்டு, கதவுன்னு ஒவ்வொண்ணையும் ஓட்டற குட்டிக் கம்ப்யூட்டர்) காலின்னு முடிவு பண்றான். அந்தக் கோடு ரெண்டையுமே சொல்லல.

போன மாசம் ஒரு வண்டி. டிரைவர் சீட்டு. சீட்டுப் பக்கத்துல இருக்கற சுவிட்ச அமுக்கினா முன்னாடி பின்னாடி நல்லா போகுது, கதவுல இருக்கற மெமரி பட்டன அமுக்கினா ஒண்ணும் நடக்கல. ஸ்கேனர் போட்டா யூ0208, அதாவது சீட் கன்ட்ரோல் மாட்யூல் ஏ-கிட்டேருந்து சேதி இல்லன்னு. இது பதிவாயிருந்தது கதவு மாட்யூல்ல, சீட் மாட்யூல்ல இல்ல. இந்த மாதிரி கோடெல்லாம் இப்படித்தான், புகார் குடுக்கறவன் ஒருத்தன், காணாமப் போனவன் வேறொருத்தன். முன்னாடி பாத்த எடத்துல மாட்யூலையே மாத்தணும்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அட, அந்த மாட்யூல் வழியாத்தானே சுவிட்சுக்கு மோட்டார் ஓடுது, அப்ப கரன்ட் வருது, எர்த் இருக்கு, உசுரோடதான இருக்கு!

நானும் ஒண்ணும் பெரிய புத்திசாலி இல்ல. பேட்டரிய கழட்டிட்டு கேன் (CAN) லைன், அதாவது மாட்யூலெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பற லைன், அதோட ரெண்டு வயருக்கும் நடுவுல மீட்டர் வச்சேன், 60 ஓம். ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கறதால பேரலலா சேந்து 60 காட்டணும், காட்டுது, அதனால லைன் சரின்னு நெனச்சு அரை நாள வேற எடத்துல தேடி வீணாக்கினேன். சீட்டு அந்த முனையிலயே இல்ல, நடுவுல பிரிஞ்சு போற கிளை அது, கிளை அறுந்தாலும் மெயின் லைன்ல 60 அப்படியேதான் நிக்கும். கடைசில சீட்ட முழுக்க முன்னாடி தள்ளினப்ப ஸ்கேனர்ல மாட்யூல் தெரிஞ்சுது, பின்னாடி போனா காணோம். அடியில பாத்தா (மஞ்சக் கப்ளர் ஏர்பேக், பெல்ட் சமாச்சாரம், பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் விட்டுத்தான் தொடணும், இத எத்தன தடவ சொன்னாலும் தகும்) சீட்டு நகர்ற தண்டவாளத்து ஓரமா வயரிங் கிட் உரசிக்கிட்டு இருக்கு, கேன் லைனோட ரெண்டு வயர்ல ஒண்ணான கேன் லோ வயரு மேல தோல் முழுசா இருக்கு, வளைச்சுப் பாத்தா உள்ள செம்பு அறுந்து தொளதொளன்னு ஆடுது.

பியூஸ் போயிருந்தாலும், எர்த் துருப்புடிச்சிருந்தாலும், மாட்யூல் நெஜமாவே செத்திருந்தாலும் இதே யூ0208தான் வந்திருக்கும். கோடு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், வரவேண்டிய நேரத்துல சேதி வரல. நம்ம சொல்லும் அதோட நிக்கணும். வேற சொல்லுன்னு பாத்தா, "ஊமைப்பிழை"ன்னா பழி மாட்யூல் மேல விழுது. "மறுமொழியின்மை"யும் ஒட்டல, ஏன்னா கேன்ல இந்த மாதிரி சேதிய யாரும் யாரையும் கேட்டு வாங்கறதில்ல, அவனவன் நேரத்துக்கு சேதிய லைன்ல விடறான், வேணுங்கறவன் எடுத்துக்கறான். லின் (LIN)னு இன்னொரு வகை லைன் இருக்கு, அதுலதான் மாஸ்டர் மாட்யூல் கூப்பிட்டா மத்தவன் வாயத் தொறப்பான், அங்க வேணா மறுமொழி சரி.

நான் சொல்றது "வரத்தின்மை". உக்கடம் குளத்துக்கு வரத்து இல்லன்னா நொய்யல்ல தண்ணி இல்லையா, மதகு மூடியிருக்கா, வாய்க்கால் தூந்து போச்சான்னு அப்புறம்தானே பாக்கப் போறோம். அந்தச் சொல்லு யாரையும் முன்கூட்டியே குத்தம் சொல்லல பாருங்க.

---

தம்பி, குளத்து உவமை பிரமாதம், வரத்துங்கற சொல்ல நானும் ஒத்துக்கறேன். ஆனா "வரத்தின்மை"ய முதல் தடவ படிக்கறவன் வரத்தின் மைன்னு பிரிச்சு, சாமி குடுத்த வரத்துக்கு எதுக்குடா மைன்னு முழிப்பான். இன்னொண்ணு, பஸ் ஆஃப்பையும் (மாட்யூல் தானே லைன விட்டு விலகிக்கறத) இதுலயே அடக்கிடறதா உத்தேசமா?

---

ஐயா, வரத்தின் மை! டீ மூக்குல ஏறிடுச்சு. சரி, முன்னாடி சேதிய சேத்து, பிரிச்சே எழுதிடலாம்: "சேதிவரத்து இன்மை". பட்டறைல எப்படியும் "சேதிவரத்து இல்ல"ன்னுதான் சொல்லப் போறாங்க, அதுவே பட்டியல்லயும் இருந்தா எனக்கு சம்மதம்.

பஸ் ஆஃப்ப இதுல சேக்காதீங்க. அது மாட்யூல் அனுப்பறது தப்புத் தப்பாப் போயி, அனுப்புற பிழைக் கணக்கு 255-ஐத் தாண்டினதும் தானே லைன விட்டு விலகிக்கறது. மத்தவங்களுக்கு அதுவும் சேதிவரத்து இல்லன்னுதான் தெரியும், ஆனா அது காரணம், இது அறிகுறி. அதுக்கு "ஒதுங்குநிலை"ன்னு தனியா ஒரு வரி போட்டு வச்சிருக்கேன். பஸ்ஸுக்கு (எல்லா மாட்யூலுக்கும் பொதுவான லைனுக்கு) தமிழ்ல பாட்டையா வேற ஏதாவதாங்கற சண்டைய மட்டும் இந்த இழைல ஆரம்பிக்க வேணாம், அத தனி மடலாப் போடுங்க.