ஒரே கீழ்த்தாடை: கிளாஸ் 1-ஆ, 2-ஆ, 4-ஆ?

கடைவாய்:
எல்லோருக்கும் வணக்கம். பிடிஎஸ் மூன்றாம் ஆண்டு, ப்ராஸ்தோ (செயற்கைப் பல் துறை) போஸ்டிங்கில் இருக்கிறேன். திங்கட்கிழமை கேஸ் பிரசென்டேஷன். 58 வயது அம்மா ஒருவர் கழற்றி மாட்டும் பல்செட் வேண்டும் என்று வந்திருக்கிறார். முறுக்கு கடிக்க முடியவில்லை என்பதுதான் முதல் குறை. முன்பல் இல்லாததெல்லாம் அப்புறம்தானாம்.

(பல் எண்ணில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல்.) கீழ்த்தாடையில் இடப்பக்கம் 36, 37, 38 இல்லை. முன்னால் 31, 41 இல்லை. வலப்பக்கம் 46, 48 இல்லை. நடுவில் 47 மட்டும் தனியாக நிற்கிறது. அதுவும் மூன்றாம் கிரேடு ஆட்டம். பிடுங்கிவிடலாம் என்று பெரியோவில் (ஈறு சிகிச்சைப் பிரிவில்) எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மேல்தாடையில் 17, 18 இல்லை, 24, 25 இல்லை, 28 இல்லை. 26, 27 கல் மாதிரி இருக்கின்றன.

பல் இல்லாத இடைவெளி எங்கே என்பதை வைத்துத் தாடையை நான்கு கிளாஸாகப் பிரிக்கும் கென்னடி முறையில் எழுத வேண்டும். கீழ்த்தாடை கிளாஸ் 2, மாடிஃபிகேஷன் (வகையைத் தீர்மானிக்கும் இடைவெளி போக மீதி இடைவெளிகள்) 2 என்பது என் கணக்கு. ரூம்மேட் கிளாஸ் 1 என்கிறாள். சீனியர் அக்காவோ, "முன்னாடி நடுவுல பல் இல்லையே, கிளாஸ் 4-ம் சேர்த்து எழுது" என்கிறார். மேல்தாடையில் 17-ஐக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்றும் தெரியவில்லை. விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், வாயைத் திறந்து பார்த்தால்தான் குழப்பம்.

நைட்டியூட்டி:
ரூம்மேட் பக்கம்தான் என் ஓட்டு. 47 போனதும் இரண்டு பக்கமும் பின்னால் பல் இல்லாமல் திறந்துவிடுகிறது. கிளாஸ் 1. முன்னால் உள்ள இடைவெளி மாடிஃபிகேஷன் 1. கிளாஸ் 4-ஐச் சேர்த்தெல்லாம் எழுத முடியாது. பின்னால் வேறொரு இடைவெளி இருந்தாலே வகையை அதுதான் தீர்மானிக்கும். கிளாஸ் 4-க்கு மாடிஃபிகேஷன் கிடையாது என்பதற்கும் அதுவே காரணம். வைவாவில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

மெழுகுக்கத்தி:
தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. டெண்டல் லேபில் ஃபிரேம் (பல்செட்டின் உலோகச் சட்டம்) வேலை பார்ப்பவன். நீங்கள் எழுதும் எண் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகிறது, அதனால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாடலைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது, இடைவெளிக்குப் பின்னால் பல் இருக்கிறதா என்றுதான். இருந்தால் பல்செட் முன்னும் பின்னும் பல்லின் மேல் உட்காரும், மெல்லும் பாரத்தைப் பல்லே வாங்கிக்கொள்ளும். அது கிளாஸ் 3. பின்னால் பல் இல்லையென்றால் ஒரு முனை பல்லின் மேல், மறுமுனை வெறும் ஈறின் மேல். ஈறு அமுங்குகிற அளவுக்குப் பல் அமுங்காது. கடிக்கும்போதெல்லாம் பின்பகுதி இறங்கும், கூடவே கொக்கி மாட்டிய பல்லையும் பிடித்து ஆட்டும். ஒரு பக்கம் மட்டும் அப்படி என்றால் கிளாஸ் 2, இரண்டு பக்கமும் என்றால் கிளாஸ் 1. முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும் ஒற்றை இடைவெளி கிளாஸ் 4. கென்னடி 1925-இல் பிரித்து வைத்தது, இன்னும் மாடலைப் பார்த்த நொடியில் வேலைக்கு ஆகிறது.

இப்போது உங்கள் கேஸ். 47-ஐ வைத்துக்கொண்டு கிளாஸ் 2 என்று எழுதி அனுப்பினால் நான் 47-இல் ஒரு ரெஸ்ட் (பல்லின் மேல் உட்காரும் தாங்கல்) போட்டு கொக்கி வைத்து ஃபிரேமை வார்த்துக் கொடுத்துவிடுவேன். ஃபிரேம் வந்து சேரும்போது வாயில் அந்தப் பல் இருக்காது! பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிய பிறகுதான் வகைப்படுத்த வேண்டும் என்று, கென்னடி முறைக்கு விதிகள் எழுதிய ஆப்பிள்கேட் தன் எட்டு விதிகளில் அதை முதலாவதாக வைத்தது சும்மா இல்லை.

47 இல்லாத வாய்க்கு டிசைனே வேறு. 35, 45-இல் ரெஸ்டை இடைவெளி பக்கம் வைக்காமல் பல்லின் முன்பக்கம் வைக்கச் சொல்லுவார்கள், பின்பகுதி இறங்கும்போது பல்லைப் பின்னால் இழுக்காமல் இருக்க. அந்த இரண்டு ரெஸ்டையும் இணைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள், ஃபிரேம் சுழல்வது அந்தக் கோட்டில்தான். அம்மா அதிரசம் மாதிரி ஒட்டுகிற பண்டத்தைக் கடித்துவிட்டு வாயைத் திறந்தால் பின்பகுதி மேலே எழும்பும். அதைத் தடுக்கக் கோட்டுக்கு முன்னால், கோரைப்பல் பக்கம், இன்னொரு தாங்கல் வேண்டும். கிளாஸ் 3-இல் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

மேல்தாடை 17-க்கு, வாயைப் பார்த்தால் மட்டும் விடை வராது. சாரிடம் கேளுங்கள்: கீழே பல் வரிசையை 46-ஓடு நிறுத்தப் போகிறாரா? அப்படியானால் 17-க்கு எதிரே கடிக்க ஆளே இல்லை, அதை வைக்கப் போவதும் இல்லை. வைக்காத இரண்டாம் கடைவாய்ப்பல் கணக்கில் வராது. 18, 28 ஞானப்பற்களும் அப்படியே. மிஞ்சுவது 24, 25 மட்டும், ஆக கிளாஸ் 3. 17-ஐ வைக்கிறோம் என்று முடிவெடுத்தால் அதே வாய் கிளாஸ் 2, மாடிஃபிகேஷன் 1 ஆகிவிடும்.

ஒரு வேண்டுகோள். கிளாஸோடு பல் எண்களையும் எழுதுங்கள். மாடிஃபிகேஷன் என்பது எத்தனை இடைவெளி என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு நீளம் என்று சொல்லாது. கோரைப்பல்லோடு முடிந்துபோன வாயும் கிளாஸ் 1, 45 வரை பல் நிற்கும் வாயும் கிளாஸ் 1. எனக்கு இரண்டும் வேறு வேறு வேலை. "ஆர்பிடி, ஷேட் ஏ2, அர்ஜென்ட்" (கழற்றி மாட்டும் பல்செட், பல் நிறம், அவசரம்) என்று மட்டும் எழுதி வரும் சீட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கடைவாய்:
ரொம்ப நன்றி அண்ணா. 47-ஐ இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. இன்னும் ஒன்று: 11, 12 மட்டும் இல்லையென்றால்? முன்பல்தானே, கிளாஸ் 4 தானே?

நைட்டியூட்டி:
இல்லை. நடுக்கோட்டைத் தாண்டவில்லை, இரண்டு பக்கமும் பல் இருக்கிறது. கிளாஸ் 3. 11, 21 என்றால் 4. அதோடு 15-ம் இல்லையென்றால் மறுபடியும் 3, மாடிஃபிகேஷன் 1.

சும்மாவந்தவன்:
பல்லுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, கணக்கு வாத்தியார். ஒரு தாடையில் 16 பல், ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் மொத்தம் 65,536 விதம். எல்லாம் இருப்பது ஒன்று, எதுவுமே இல்லாதது ஒன்று, இரண்டையும் கழித்தால் 65,534. இத்தனையையும் நாலு பெட்டியில் அடைத்துவிட்டீர்களே!

மெழுகுக்கத்தி:
வாத்தியாரே, அதனால்தான் பல் எண்ணையும் எழுதச் சொல்லி மன்றாடுகிறேன்.

கடைவாய்:
சாரிடம் கேட்டுவிட்டேன். கீழே 46-ஓடு நிறுத்துகிறாராம், 17 வேண்டாமாம். அதனால் மேலே கிளாஸ் 3. 23-இலிருந்து 26 வரை பிரிட்ஜ் போடலாமா என்றும் யோசிக்கிறார். கீழே கிளாஸ் 1, மாடிஃபிகேஷன் 1. நாளைக்கு 47-ஐ எடுக்கிறார்கள். அடுத்த வாரமே ஃபிரேமுக்கு அளவெடுத்துவிடலாமா?

மெழுகுக்கத்தி:
அவசரப்படாதீர்கள். புண் ஆறி எலும்பும் ஈறும் ஒரு நிலைக்கு வரட்டும். இப்போதே அளவெடுத்தால் நான் வார்த்து முடிப்பதற்குள் ஈறு வற்றி, வலப்பக்கம் அடியில் இடைவெளி விழும். அதுவரை அம்மாவுக்கு அக்ரிலிக்கில் தற்காலிக செட் ஒன்று போதும். முறுக்கை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.