ஓடை மீன் ஆய்வு: ‘ரிஃபிள்’ (riffle) தமிழில் என்ன?

வணக்கம். ஓடை மீன்களின் வாழிடமும் காலநிலை மாற்றமும் குறித்த என் முதுநிலை ஆய்வேட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச் சுருக்கம் தரவேண்டும். ‘பூல்’ (pool) என்பதற்கு மடு என்று எழுதிவிட்டேன். ‘ரிஃபிள்’தான் இடிக்கிறது. கூழாங்கற்கள் மேல் ஆழமின்றி, வேகமாக, சலசலத்து நீர் ஓடும் பகுதி அது. வறட்சியில் பெரும்பாலும் அதுதான் முதலில் வற்றும். மீன்கள் மடுக்களில் அடைபடும். ஒலிபெயர்த்து எழுதினால் துப்பாக்கி என்று படிக்கிறார்கள்.

—

புதுச்சொல் எதற்கு? அறல் இருக்கிறதே! பொருநராற்றுப்படையில் ‘அறல்போற் கூந்தல்’. நிலத்தை அறுத்து ஓடுவதால் அறல் என்பது என் கருத்து. அறு, ஆறு, அறல் எல்லாம் ஒரே வேராக இருக்கலாம். இது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

—

தனி மடல் பொறுக்கட்டும் ஐயா. அறல் மணலில் நீர் வரைந்த வரி. இங்கே வேண்டியது கல். கல்லிடுக்கில் நீர் புகுந்து ஓடினால்தான் அங்கே இட்ட மீன்முட்டைக்கு உயிர்வளி (ஆக்சிஜன்) கிடைக்கும். நுண்மணல் அடைத்தால் முட்டை சாகும். அறல் என்றால் கெட்டுப்போன வாழிடத்துக்குப் பெயர் வைத்ததாகிவிடும். பரல் என்றால் சிறு கல்; பரலோட்டம் எனலாம்.

—

அவசரத்தில் பரலோகம் என்று படித்தேன். சலசலப்பு போதாதா? யாருக்கும் புரியும்.

—

மடுவும் வேண்டாம், கயம் என்க. கயத்தில் வாழ்வதால்தான் கயல் என்பது என் ஊகம்.

—

அப்படியானால் ஓட்டத்தில் வாழும் மீனை என்னவென்று அழைப்பீர்கள்? அதை விடுங்கள். தங்கையே, நீங்கள் பார்ப்பது ஆண்டுக்கு ஆண்டு மழையும் வெயிலும் ஊசலாடுவதை, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நடப்பதுபோல. ‘மாற்றம்’ பல பத்தாண்டுப் போக்கு. தலைப்பைத் திருத்தி ‘காலநிலை மாறுபாடு’ என்று போடுங்கள்.

—

நன்றி அண்ணா, திருத்திவிட்டேன். சலசலப்பு அட்டவணைத் தலைப்பில் வதந்தி போலத் தெரிகிறது. நீர் சூடேறினால் கரையும் உயிர்வளி குறைகிறது: 10 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம், 30 பாகையில் ஏழரை. நீர் கலங்கிக் காற்று கலக்கும் இந்த இடத்தைப் பற்றி அடிக்கடி எழுதவேண்டும். சொல் சுருக்கமாக இருந்தால் நல்லது. ‘கல்லோட்டம்’ என்று போட்டு, முதல் இடத்தில் விளக்கம் தந்துவிடவா?

—

போடுங்கள். மறுப்பவர் நாளைக்குள் சொல்லட்டும்.

—

மறுக்கிறேன். கல்லா ஓடுகிறது? அறல்தான். வேர் பற்றிய மடல் இன்றிரவு வரும்.